தாதுஸாம்யமும் அந்திம ஸ்ம்ருதியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சாந்தோக்யோபநிஷத்தின் ஆறாம் ப்ரபாடகத்தில் உத்தாலகர் தம் குமாரனான ச்வேதகேதுவுக்கு ஒரு சோதனை வைக்கிறார். 15 நாள் உணவு கொள்ளாதிருக்க வேண்டும். தண்ணீர் மட்டும் வேண்டுமளவு பருகலாம் என்பது அவர் கட்டளை. 12 ஆண்டு குருகுலவாஸம் செய்து, வேதங்கள் அனைத்தையும் ஓதி, அவ்வோத்தினால் செருக்கும் கொண்டு மீண்டவன் அம்மகன். பதினாறாம் நாள் ருக்குகளையும் யஜுஸ்ஸுகளையும் ஸாமங்களையும் சொல்லுமாறு தந்தை கேட்டபோது, தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று கைவிரித்து நின்றான். ‘போய் உண்டு வா’ என்றார். உண்டு வந்தபின், கேட்டவற்றுக்கெல்லாம் தடையின்றி விடை கூறினான்.

இவ்வுபாக்யானத்தின் கருத்து வெளிப்படை. ச்வேதகேது கற்ற வேதம் அழிந்து போகவில்லை. அழிந்திருந்தால் ஒருவேளை உணவு அதை மீட்டிராது. வேதத்தை நினைவிற்கொள்ளும் மனஸ்ஸு சரீரத்தைப் பற்றி நிற்பது. சரீரம் அன்னத்தைப் பற்றி நிற்பது. ஆதலின் உண்ட அன்னத்தின் நுண்ணிய பகுதியே மனஸ்ஸாகிறது என்று உத்தாலகர் முடிவு காட்டினார். உடல் தளர நினைவு தளரும். உடல் தேற நினைவு தேறும்.

இது தத்த்வ விசாரத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. உயிர் பிரியும் வேளையில் எம்பெருமானை நினைப்பவன் அவனையே அடைகிறான் என்பது கீதையின் எட்டாம் அத்யாயத்தில் அவன் தானே அருளிய வார்த்தை. 15 நாள் உபவாஸம் கற்ற வேதத்தை மறைக்குமாயின், நாட்பட்ட ஜ்வரமும், பக்ஷவாதமும், மூப்பில் வரும் மறதியும் எதைத்தான் மறைக்கமாட்டா? 60 ஆண்டு நித்யாநுஸந்தானம் தவறாதவர், இறுதி நாட்களில் பெற்ற பிள்ளையின் பெயரையும் அறியாராய்க் கிடப்பதை இன்று பல திருமாளிகைகளில் காண்கிறோம். ‘திருநாமம் சொல்லாமலே போய்விட்டாரே, அவர் கதி என்னாகுமோ’ என்று வீட்டார் உள்ளுக்குள் நடுங்குவதும் உண்டு. இந்நடுக்கத்திற்கு நம் பூர்வர்கள் விடை அருளியிருக்கிறார்கள். அவ்விடை எவ்வாறு வளர்ந்து வந்தது என்பதைக் காலமுறையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இதிஹாஸத்தில்

உடல்நோயும் மனநோயும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் என்பதை மஹாபாரதம் தெளிவாகக் கூறுகிறது. போர் முடிந்தபின் சோகத்தால் அரசை வெறுத்து நின்ற தர்மபுத்ரருக்கு, ஆச்வமேதிக பர்வத்தின் தொடக்கத்தில் கண்ணபிரான் உபதேசிக்கிறான். வ்யாதி சரீரத்தைப் பற்றியது, மனஸ்ஸைப் பற்றியது என இருவகைப்படும். அவை ஒன்றையொன்று பிறப்பிக்கும்; ஒன்று மற்றொன்றின் தொடர்பு சிறிதுமின்றித் தோன்றுவதில்லை. சீதம், உஷ்ணம், வாயு என்பவை சரீரத்தின் குணங்கள். இவை ஸமமாக நிற்பது உடல்நலம். ஸத்த்வம், ரஜஸ், தமஸ் என்பவை மனஸ்ஸின் குணங்கள். இவற்றின் ஸமநிலை மனநலம். ஒன்று மிகும்போது அதற்கு எதிரானதைக்கொண்டு தணிக்க வேண்டும். அரசனுக்கு வெளிப்பகை ஒழிந்தாலும், மனஸ்ஸோடு தனித்துச் செய்யவேண்டிய போர் எஞ்சியிருக்கிறது என்று அவ்வுபதேசம் செல்கிறது.

இக்கருத்தே ஆரண்ய பர்வத்தில் சௌனகர் வாயிலாக ஓர் உவமையோடு வருகிறது. காய்ச்சிய இரும்புக் குண்டைக் குடத்து நீரில் இட்டால் நீர் முழுதும் கொதிக்கும். அதுபோல மனத்தின் துன்பம் உடலைச் சுடும். அதைத் தணிப்பது ஞானம் என்பது அங்குச் சொல்லப்பட்ட மருந்து.

மனத்தால் உடல் வருந்துதல் இது. உடலால் மனம் மழுங்குதலுக்குப் பீஷ்மரே எடுத்துக்காட்டு. தர்மங்களையெல்லாம் தர்மபுத்ரருக்கு உபதேசிக்குமாறு சாந்தி பர்வத்தில் கண்ணன் அவரை ஏவுகிறான். அம்புப்படுக்கையில் கிடந்த பீஷ்மர் தம்மால் இயலாது என்கிறார்: உடல் முழுதும் அம்புகளால் வேகிறது, உறுப்புகள் சோர்கின்றன, புத்தி தெளிவாயில்லை, நாவும் எழவில்லை என்பது அவர் விண்ணப்பம். பரம பாகவதர்; ஜிதேந்த்ரியர்; தம் மரணத்தையும் தம் இச்சையில் வைத்தவர். அவருக்கும் வேதனை மிகுந்தபோது புத்தி தெளிவிழந்தது. இதைக் கேட்ட கண்ணன், மன உறுதி போதாது என்று அவரைக் குறை கூறவில்லை. சோர்வும் மூர்ச்சையும் எரிச்சலும் நோவும் பசியும் தாகமும் அவரை அணுகாதிருக்க முதலில் வரமளித்தான். அதன்பின்னரே ஞானம் விளங்கும் என்றான். அவ்வரத்தினால் தெளிந்த திருவுள்ளத்திலிருந்தே ராஜதர்மம் முதலான உபதேசங்கள் பிறந்தன. ஆநுசாஸனிக பர்வத்தில் ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமமும் பிறந்தது. நோயாளிக்கு முதலில் செய்யத்தக்கது நோவைத் தணித்தல்; உபதேசம் அதற்குப் பின் என்னும் முறையைக் கண்ணன் தானே செய்து காட்டியருளினான் என்று கொள்வது பொருந்தும்.

வைத்ய சாஸ்த்ரத்தில்

ஆயுர்வேத நூல்களும் இந்நெறியிலிருந்து விலகவில்லை. சரகஸம்ஹிதை நோய்க்கு இருப்பிடம் இரண்டென்று முதல் அத்யாயத்திலேயே வகுக்கிறது: ஒன்று சரீரம், மற்றொன்று ஸத்த்வம் எனப்படும் மனஸ்ஸு. சரீரத்தைக் கெடுப்பவை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்று. மனஸ்ஸைக் கெடுப்பவை ரஜஸ், தமஸ் என்னும் இரண்டு. முன்னவற்றுக்கு தைவத்தைப் பற்றிய சிகித்ஸையும் யுக்தியைப் பற்றிய சிகித்ஸையும் மருந்து; பின்னவற்றுக்கு ஞானம், விஞ்ஞானம், தைர்யம், ஸ்ம்ருதி, ஸமாதி ஆகியவை மருந்து. மனஸ்ஸு சரீரத்தையும் சரீரம் மனஸ்ஸையும் ஒத்து நடக்கும் என்று சாரீரஸ்தானம் கூறும். காமத்தாலும் சோகத்தாலும் பயத்தாலும் ஜ்வரம் வருவதையும் அந்நூல் தனியே விளக்குகிறது.

ஸுச்ருதர் நலமுடையவனுக்குக் கூறும் இலக்கணமும் நோக்கத்தக்கது. தோஷங்களும் ஜாடராக்னியும் தாதுக்களும் மலங்களும் ஸமமாயிருப்பதோடு அவர் நிறுத்தவில்லை. ஆத்மாவும் இந்த்ரியங்களும் மனஸ்ஸும் தெளிந்திருப்பவனையே ‘ஸ்வஸ்தன்’ என்றார். உடலில் குறையொன்றுமில்லை என்று நாடி பார்த்துச் சொல்லிவிட்டாலும், மனம் கலங்கியிருப்பவன் அவர் கணக்கில் நலமுடையவனாகான். வாக்படரோ அஷ்டாங்க ஹ்ருதயத்தின் மங்கள ச்லோகத்திலேயே ராகம் முதலானவற்றை நோய்களாகக் கூறி, அவற்றை வேரறுத்த ஒப்பற்ற வைத்யனை வணங்குகிறார்.

இங்கு ஸ்ரீவைஷ்ணவர்கள் உவக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சரகஸம்ஹிதையின் ஜ்வர சிகித்ஸா ப்ரகரணத்தில், கஷாயமும் பத்தியமும் எண்ணெயும் வகுத்துரைத்த பின்னர், சராசரங்களுக்கெல்லாம் பதியான விஷ்ணுவை ஆயிரம் திருநாமங்களால் துதித்தலும் ஜ்வரத்தைப் போக்கும் வழியாக விதிக்கப்பட்டிருக்கிறது. பீஷ்மரின் வேதனை தீர்ந்தபின் பிறந்த ஸஹஸ்ரநாமம் நோயாளியின் படுக்கையருகே மருந்தாக வந்து நின்றது. அந்த ஆயிரத்திலும் ‘பேஷஜம்’, ‘பிஷக்’ என இரு திருநாமங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மருந்தும் அவன், மருத்துவனும் அவன். ஆயினும் சரகர் கஷாயத்தைத் தள்ளி நாமத்தை விதிக்கவில்லை. நாமத்தைத் தள்ளிக் கஷாயத்தையும் விதிக்கவில்லை. இரண்டையும் ஒரே ப்ரகரணத்தில் வைத்தார். ‘நாமம் இருக்க மருந்தெதற்கு’ என்பாரும், ‘மருந்து இருக்க நாமமெதற்கு’ என்பாரும் இதை நோக்குவாராக.

ஸ்ரீபாஷ்யத்தில்

பாஷ்யகாரர் ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில், இடையறாத த்ருவாநுஸ்ம்ருதியே பக்தி என்று நிர்ணயித்தருளி, அதை விளைவிக்கும் ஸாதனங்கள் ஏழென்று வாக்யகாரர் வழிநின்று காட்டுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. இவ்வேழையும் உடல்நல, மனநல நோக்கில் வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு விளங்கும்.

முதலாவதான விவேகம் என்பது சரீர சுத்தி. ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைத் தோஷமும் இல்லாத அன்னத்தால் உடல் தூய்மை பெறுதல் என்று அதற்குப் பொருள். ஆஹார சுத்தியால் ஸத்த்வ சுத்தியும், ஸத்த்வ சுத்தியால் த்ருவ ஸ்ம்ருதியும் உண்டாம் என்னும் சாந்தோக்யம் இதற்கு ப்ரமாணம். ச்வேதகேதுவின் கதை எந்த உபநிஷத்தில் உளதோ அதே உபநிஷத்தே இங்கும் கைகொடுக்கிறது. பக்தியோகம் என்னும் மாளிகைக்கு முதற்படி உண்ணும் சோற்றில் அமைந்திருக்கிறது.

ஈற்றில் நிற்கும் இரண்டும் மனத்தைப் பற்றியவை. இடமும் காலமும் ஒவ்வாமையாலும், சோகத்துக்குக் காரணமானவற்றை நினைந்து நினைந்து இருத்தலாலும், மனம் ஒளியிழந்து தாழ்வுறுதல் அவஸாதம் எனப்படும். அஃதில்லாமை அநவஸாதம். இதற்குப் பலத்தைப் பற்றிய முண்டகோபநிஷத் வாக்யம் ப்ரமாணமாக எடுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. அவ்வாக்யம் கூறும் பலம் இங்கு மனத்தின் பலமாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு எதிரான வரம்பு கடந்த களிப்பு உத்தர்ஷம், அதுவும் ஆகாது. சோர்வும் களிவெறியும் ஆகிய இரண்டும் ஸ்ம்ருதியைக் குலைக்கும்.

அவஸாதத்துக்குக் காரணம் கூறுமிடத்தில் இடமும் காலமும் சோகமும் சொல்லப்பட்டனவேயன்றி, அவனுடைய பாபமோ பக்திக் குறைவோ சொல்லப்படவில்லை. மனச்சோர்வுற்றவனைப் பார்த்து ‘உனக்கு நம்பிக்கை போதாது’ என்று இடித்துரைப்பது பாஷ்யகாரர் காட்டிய வழியன்று என்பது இதனால் விளங்கும். சோர்வு அவன் செய்த குற்றமன்று. அவனுக்கு நேர்ந்த இடையூறு. இடையூறுக்குப் பரிஹாரம் தேடுதலே தகும். மேலும், பஞ்ச மஹாயஜ்ஞம் முதலான க்ரியைகளை விதிக்குமிடத்தில் ‘சக்திக்கு இயன்றவாறு’ என்னும் வரையறை கூடவே நிற்கிறது. சரீரம் இடங்கொடாதவனிடம் சாஸ்த்ரம் முழு அநுஷ்டானத்தைக் கேட்பதில்லை.

கோயில்களில் ஆதுலர் சாலை

நூல்களில் சொல்லப்பட்ட இந்நெறி ஏட்டோடு நின்றதா, நாட்டில் நடந்ததா என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. பாஷ்யகாரர் அவதரித்த காலம் கி.பி. 1017 என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. அவர் இவ்வுலகில் எழுந்தருளியிருந்த காலத்திலேயே, வீரராசேந்திர சோழனின் ஆட்சியில் (1063–1070), காஞ்சிக்கு அணித்தான திருமுக்கூடலில் ஒரு நெடுங்கல்வெட்டு பொறிக்கப்பட்டது. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடம் அது. இன்று அப்பன் வேங்கடேசப் பெருமாள் ஸந்நிதி என்று வழங்கும் அத்திருக்கோயிலில் வேதபாடசாலையும், மாணாக்கர் தங்கி உண்ணும் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர் சாலையும் சேர்ந்து நடந்தன. ஆதுலர் என்றால் நோயுற்றோர்.

ருக்வேதமும் யஜுர்வேதமும் வ்யாகரணமும் ஓதியவர்களோடு பாஞ்சராத்ரம் ஓதியவர்களும் அங்கிருந்தனர். மாணாக்கர்க்கு உணவு மட்டுமன்று. படுக்கப் பாயும், சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெயும், இரவில் விளக்கும் அக்கல்வெட்டில் கணக்கிடப்பட்டுள்ளன. ஓதுகிறவனுடைய தலை குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஓர் அரசாங்க ஆவணம் எண்ணெய்க்கு இடங்கொடுத்திருப்பது, ச்வேதகேதுவின் கதையை நன்கு அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு போலத் தோன்றுகிறது.

ஆதுலர் சாலையில் 15 நோயாளிகளுக்குப் படுக்கை இருந்தது. ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அச்வத்தாம பட்டன் என்பவர் வைத்யர். சல்யக்ரியை செய்வான் ஒருவன், மருந்துக்கு வேண்டிய மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்தடுவார் இருவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன் எனப் பணியாளர் வகுக்கப்பட்டனர். இரவு முழுதும் ஒரு விளக்கு எரியவும் எண்ணெய் வைக்கப்பட்டது. நோயுற்றவனுக்கு இரவு நீளமானது. இருள் அவன் அச்சத்தைப் பெருக்கும். அவ்வொரு விளக்கைக் கணக்கில் எழுதியவன் மருந்தின் விலையை மட்டும் அறிந்தவனல்லன்.

ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளும் பெயர்பெயராக உள்ளன. ஏறத்தாழ 20 வகை. வாஸாஹரீதகி, தசமூலஹரீதகி, பல்லாதகஹரீதகி, பில்வாதி க்ருதம், கல்யாணலவணம், விமலை, ஸுநேத்ரி என்று பட்டியல் செல்கிறது. அதில் புராண ஸர்ப்பிஸ் என்னும் பழநெய்யும் இடம்பெறுகிறது. நெடுநாள் வைத்துப் பழகிய இந்நெய்யைச் சரகர் உந்மாத சிகித்ஸையில் சிறப்பித்துக் கூறுகிறார் என்பது வைத்ய நூல் பயின்றார் அறிந்தது. இருமலுக்கும் கண்ணோய்க்கும் உரிய மருந்துகள் இருந்த அலமாரியிலேயே சித்தக் கலக்கத்துக்கு ஆகும் நெய்யும் இருந்தது. உடலுக்கு இன்னது, மனத்துக்கு இன்னது என்று கல்வெட்டு பிரித்துப் பேசவில்லை.

திருவரங்கம் பெரிய கோயிலிலும் ஆரோக்யசாலை இருந்தது. ஹொய்சள மன்னன் வீரராமநாதனின் காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அவனுடைய தண்டநாயகன் ஒருவன் அதற்கு நிவந்தம் அளித்தான். பின்னர் அது பழுதுற்றிருக்க, சகம் 1415இல், அதாவது கி.பி. 1493இல், கருடவாஹன பட்டர் என்பவர் அதைச் சீர்படுத்தித் தன்வந்தரி எம்பெருமானையும் எழுந்தருளப்பண்ணிய செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. கருடவாஹன பண்டிதர் என்னும் பெயர் ‘திவ்யஸூரி சரிதம்’ என்னும் ஆழ்வார்கள் வைபவ காவ்யத்தை அருளிச்செய்தவரின் பெயராகவும் நம்மவர்க்குப் பழக்கமானது. ஆழ்வார்களின் சரித்ரத்தை எழுதிய பெயரும், நோயாளிகளுக்கு மருந்தளித்த பெயரும் ஒன்றாயிருப்பது தற்செயலன்று. வைத்யமும் கைங்கர்யமே என்று அங்குக் கொள்ளப்பட்டது. நாவற்பழமும் தத்யோதனமும் சேர அமுதுசெய்த பெரியபெருமாளுக்குத் திருமேனி வாடியதை உடையவர் கண்டு, தன்வந்தரி கைங்கர்யத்தால் கஷாயம் ஸமர்ப்பிக்கச் செய்தார் என்னும் ஐதிஹ்யமும் திருவரங்கத்தில் வழங்குகிறது. எம்பெருமான் திருமேனிக்கே மருந்து தேடிய திருவுள்ளம், அவன் அடியார் உடலை அலக்ஷ்யம் செய்யுமோ?

மருந்துக்கு அடங்காத நோய்

இவ்வளவு சொன்னபின், எல்லா வாட்டமும் வைத்யனிடம் தீர்வதன்று என்பதையும் கூறவேண்டும். திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில் பராங்குச நாயகி மெலிந்து மோஹித்துக் கிடக்கிறாள். தாய்மார் அது தேவதாந்தரத்தின் தீண்டல் என்று மயங்கி, வெறியாடவும் கள்ளும் இறைச்சியும் இடவும் முற்படுகிறார்கள். நோயின் மூலத்தை அறிந்த தோழி அவற்றை விலக்கி, எம்பெருமானுடைய திருநாமமும் அவன் அடியார் திருவடித் துகளுமே இதற்கு மருந்து என்கிறாள்.

இதனை மேலோட்டமாகப் படிப்பார், நோய்க்கு மருந்து கூடாது என்பது இதன் கருத்தென்று மயங்குவர். அஃதன்று. தோழி விலக்கியது மருத்துவத்தையன்று. நோயறியாது செய்யும் பரிஹாரத்தை. ‘நோய் இன்னது, அதன் முதல் இன்னது, அது தணிக்கும் வழி இன்னது’ என்று ஆராய்ந்து செய்தலே வைத்ய முறை. அம்முறையையே தோழியும் கைக்கொண்டாள். உடல் மெலிவு ஒன்றாகத் தோன்றினும், பசியால் வந்ததும், சோகத்தால் வந்ததும், பகவத் விரஹத்தால் வந்ததும் வெவ்வேறு. ஆழ்வாருக்கு வந்தது மூன்றாவது. நம் வீடுகளில் காண்பது பெரும்பாலும் முதல் இரண்டு. ஒருவன் உண்ணாமலும் உறங்காமலும் கிடந்தால் அதைப் பக்தி பரவசம் என்று கொண்டாடிச் சிகித்ஸையைத் தாழ்த்துவதும், பேய் பிடித்தது என்று வெறியாட அழைப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

ஆசார்யர்கள் உடல்நோயை உடல்நோயாகவே கண்டார்கள் என்பதற்கு மாறனேரி நம்பியின் வைபவம் சான்று. ஆளவந்தாருக்கு ராஜபிளவை என்னும் கொடிய கட்டி கண்டது. அந்நோயைத் தமக்குப் ப்ரஸாதமாகத் தந்தருள வேண்டும் என்று இரந்து பெற்றுக்கொண்டார் அவர் சீடரான மாறனேரி நம்பி. அவர் நோவுற்றுக் கிடந்த நாட்களில் பெரிய நம்பி தாமே உடனிருந்து வேண்டுவன செய்தார். திருநாட்டுக்கு எழுந்தருளியபின் ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரமும் செய்தார். குலம் பற்றி ஊரார் குறை கூறியபோது, ஜடாயுவுக்குப் பெருமாள் செய்ததையும் விதுரருக்குத் தர்மபுத்ரர் செய்ததையும் காட்டினார். நோயாளியின் அருகில் இருத்தலே பாகவத கைங்கர்யம் என்பதை இவ்வைபவத்தைவிடத் தெளிவாகக் கூறுவது அரிது.

அந்திம ஸ்ம்ருதி

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். உடல் தளர்ந்தால் நினைவு தளரும் என்பதை ஆழ்வார்கள் அறிந்திருந்தார்கள். பெரியாழ்வார் நான்காம் பத்தின் முடிவில், அரங்கத்து அரவணைப் பள்ளியானை நோக்கி, இளைப்பும் நலிவும் வந்து சூழும் அவ்வேளையில் தம்மால் நினைக்கவியலாது போகும் என்று அஞ்சி, அந்நாளைக்கு வேண்டியதை இந்நாளிலேயே விண்ணப்பித்து வைக்கிறார். பரதத்த்வ நிர்ணயம் செய்து பொற்கிழி அறுத்தவரும், தம் இறுதி வேளை நினைவைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளத் துணியவில்லை.

இதே வினா பின்னர்க் காஞ்சியில் எழுந்தது. இளையாழ்வாராக எழுந்தருளியிருந்த பாஷ்யகாரர் தம் திருவுள்ளத்தில் இருந்த ஐயங்களைத் திருக்கச்சி நம்பிகள் வாயிலாகப் பேரருளாளனிடம் விண்ணப்பித்தார். ஆலவட்டக் கைங்கர்யம் செய்யும் நம்பிகளிடம் தேவப்பெருமாள் ஆறு வார்த்தைகளை அருளினான். அவற்றுள் ஒன்று, ப்ரபன்னனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டா என்பது. ப்ரபத்தி மார்க்கத்தின் பெருமையைக் காட்ட இவ்வார்த்தையை நாம் எடுத்தாள்வதுண்டு. நோயாளியின் படுக்கையருகில் நின்று கேட்டால் இதன் ஆழம் இன்னும் விளங்கும். சுவாசம் தடைப்பட்டு, சித்தம் மயங்கிக் கிடப்பவனிடம் எம்பெருமான் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை.

இதன் காரணத்தைப் பூமிப்பிராட்டிக்கு வராஹ நாயனார் அருளிய சரம ச்லோகம் இரண்டு ச்லோகங்களில் கூறுகிறது. ஸ்ரீவேதாந்த தேசிகன் (1268–1369) இதன் பொருளை ‘ரஹஸ்ய சிகாமணி’ என்னும் தனி நூலால் விரித்தருளினார். முதற்பாதியில் பக்தன் செய்யவேண்டியது சொல்லப்படுகிறது: மனஸ்ஸு நன்னிலையில் இருக்கையில், சரீரம் தளராதிருக்கையில், தாதுக்கள் ஸமமாக இருக்கையில், விச்வரூபனும் பிறப்பிலியுமான அவனை நினைத்தல். பிற்பாதியில் எம்பெருமான் செய்வது சொல்லப்படுகிறது: பின்பு கட்டைபோலவும் கல்போலவும் இறக்கும் தறுவாயில் கிடக்கும் அப்பக்தனைத் தான் நினைத்துப் பரமகதிக்கு அழைத்துச் செல்லுதல்.

இங்கு மூன்று செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கவை. முதலாவது, ‘தாதுஸாம்யம்’ வைத்ய சாஸ்த்ரத்தின் சொல். மோக்ஷத்தைப் பற்றிய ரஹஸ்யார்த்தத்தில் அதை வைத்ததனால், உடலின் ஸமநிலையும் மனத்தின் நலமும் பகவத் ஸ்மரணத்துக்கு உரிய தருணம் என்பதை எம்பெருமான் தானே ஒப்புக்கொண்டான். இரண்டாவது, மனமும் சரீரமும் தாதுவும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. ஒன்று கெட்டால் மற்றவையும் அசையும் என்பது அதன் உட்கிடை. மூன்றாவது, இவ்வனைத்தும் கெட்டபின் நினைக்கும் தொழில் ஆள் மாறுகிறது. அதுவரை நினைத்தவன் பக்தன். அதன்பின் நினைப்பவன் பகவான். ச்வேதகேதுவின் மனஸ்ஸு 15 நாளில் வேதத்தை மறந்தது. அன்னத்தைப் பற்றி நில்லாத எம்பெருமானுடைய திருவுள்ளத்துக்கு மறதி என்பதில்லை.

கீதையின் எட்டாம் அத்யாயத்தோடு இது முரணாது. தன் ப்ரயத்னத்தால் உபாஸிப்பவனுக்கு இறுதி நினைவு அவனுடைய உபாஸனத்தின் முடிவாக வேண்டப்படுகிறது. பரந்யாஸம் செய்தவனுக்கோ அந்தப் பாரமும் எம்பெருமானிடம் சேர்ந்துவிட்டது. கொடுத்த பொருளைக் காக்கும் பொறுப்பு வாங்கியவனுடையது.

ஆகவே ஸம்ப்ரதாயம் காட்டும் வழியில் இரண்டு கடமைகள் தேறும். ஒன்று, நலமாயிருப்பவனுக்கு உரியது. உடலும் மனமும் நன்னிலையில் இருக்கும் காலம் ஸ்மரணத்துக்கு வாய்த்த காலம். அதை அன்ன சுத்தியாலும், அளவான உறக்கத்தாலும், சோர்வுக்கும் களிவெறிக்கும் இடங்கொடாமையாலும் காத்து, வீண்போக்காது பயன்கொள்ள வேண்டும். நோய் வரின் மருந்து கொள்ளுதல் ப்ரபத்திக்கு விரோதமன்று. திருமுக்கூடலும் திருவரங்கமும் அதற்குச் சான்று. மற்றொன்று, நோயுற்றவரின் அருகில் இருப்பவர்க்கு உரியது. பீஷ்மருக்குக் கண்ணன் செய்ததுபோல முதலில் அவர் நோவைத் தணிக்க வேண்டும். பெரிய நம்பியைப் போல உடனிருக்க வேண்டும். ஆதுலர் சாலையில் எரிந்ததுபோல இரவில் ஒரு விளக்காவது எரிய வேண்டும். அவர் செவியில் திருநாமத்தைச் சொல்வது நம் கைங்கர்யம். அவர் திரும்பச் சொன்னாரா என்று சோதிப்பது நம் வேலையன்று.

திருமுக்கூடல் கல்வெட்டில் நோயாளிகளுக்கு அரிசியும் மருந்தும் விளக்கெண்ணெயும் எழுதப்பட்டன. அதற்கு ஈடாக அவர்கள் ஒன்றும் செய்யவேண்டும் என்று எழுதப்படவில்லை. பேரருளாளன் திருக்கச்சி நம்பிகளிடம் அருளிய வார்த்தையும் அத்தகையதே. பெற்ற மக்களையும் மறந்து கிடக்கும் முதியவருக்காக நடுங்கும் வீட்டார் இதனை அறிந்து தேறுவாராக. அவர் மறந்திருக்கலாம், அவர் மறக்கப்படவில்லை.